நின்றால் கெட்டுப்போகும் டயர்

சங்ககிரிப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். என் பெரியம்மா பெண்ணை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம், நாளைக்கே போனால் ஒரு வாய் சோறு போட வேண்டும். லாரிக்குப் பேர்போன சீமை அது. அக்கம்பக்கத்து ஊர்களில் சின்னப் பிள்ளைகள்கூட ஆரன் சத்தத்தைக் கேட்டே இன்னார் வண்டி என்று சொல்லிவிடும். இந்த ஊரில் மட்டும், டயர் ஏன் வட்டமாக இருக்கிறது என்ற பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த ஊர் செங்கோடனுக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் மாப்பிள்ளை பார்த்தது அவரேதான். ஜாதகம் வேண்டாம், விசாரிப்பு வேண்டாம் என்று, ஆளைக் கண்டவுடனே "இவன் நம்மாளு" என்று முடித்துவிடுவார். மூத்த மாப்பிள்ளை நாச்சிமுத்து எதையும் யோசித்துத்தான் செய்வார். யோசிக்காமல் செய்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது. நடு மாப்பிள்ளை சென்னிமலைக்கு வண்டி ஓட்டத் தெரியும். கடைசி மாப்பிள்ளை அத்தியப்பன் சந்தேகம் கேட்பார். பெண்கள் மூவரும் நல்ல புத்திசாலிகள். அது அம்மா பாவாயம்மாளிடமிருந்து வந்தது.

பாவாயம்மாளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் கல்யாணத்தன்று பெண்வீட்டார் வந்த லாரியின் டயர் வழியிலேயே வெடித்துவிட்டது. முகூர்த்தம் தவறப்போகிறது என்று மாப்பிள்ளையைச் சைக்கிளில் வரவழைத்து, ரோட்டோரத்திலேயே நின்ற வாக்கில் தாலி கட்டவைத்தார்கள். மணை இல்லை, மேளம் இல்லை. அட்சதை போட்டவர்களில் பாதிப்பேர் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நின்னுக்கிட்டே தாலி வாங்குனவ நான்," என்று பாவாயம்மாள் அடிக்கடி சொல்வார். "அறுவதாங் கல்யாணத்துலயாவது மணை போட்டு, ஆற அமர உக்காந்து வாங்கோணும். எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்."

செங்கோடனுக்கு அறுபது வந்தது. திருக்கடையூரில் மண்டபமும் பேசியாகிவிட்டது. சிக்கல் செங்கோடனின் இடுப்பில் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பிடித்துக்கொள்ளும், படுத்தபடிதான் வர வேண்டும். அதற்காக மாப்பிள்ளைகள் மூவரும் சேர்ந்து பழைய கேரவன் ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் சினிமா நடிகர்கள் படப்பிடிப்புக்கு நடுவில் இளைப்பாறிய வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி எல்லாம் உண்டு. பல வருஷமாக ஒரு கொட்டகையில் சும்மா நின்றிருந்தது.

"சகல, அத்தைக்கு அன்னிக்கு நடந்தது இன்னிக்கும் நடக்கக்கூடாது," என்றார் நாச்சிமுத்து. "சக்கரம், டயரு எல்லாத்தையும் மாத்திப்போடுவோம். அதுதான் நம்ம சீரு."

மறுநாள் கேரவன் வசந்தாமணியின் டயர் கடை முன்னால் வந்து நின்றது. வசந்தாமணிக்குத் தொழில் தெரியும், பொறுமை கிடையாது. குனிந்து டயரின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாருங்கண்ணா, தரையில படற பக்கம் துளிகூடத் தேயல. ஆனா பக்கத்துல பூராவும் வெடிப்பு. இது ஓடிக் கெட்ட டயரு இல்லீங்க. நின்னே கெட்ட டயரு."

"நிக்கிறது ஓய்வுதானுங்களேக்கா? அதுல எப்படிக் கெடும்?" என்று அத்தியப்பன் கேட்டார்.

"மனுசனுக்குத்தான் ஓய்வு. டயரு ஒரே எடத்துல நின்னா ரப்பர் செத்துப்போயிருங்க."

சென்னிமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மூவரும் அந்த டயர்களுக்கு முன்னால் துக்கம் கேட்க வந்தவர்கள்போலக் கைகட்டி நின்றார்கள்.

வசந்தாமணி சுற்றி வந்து பார்த்தார். "ரிம்மும் துருப்பிடிச்சுக் கெடக்குது. பெரிய ரிம்மாப் போட்டு அகலமான டயராப் போட்டா வண்டி ஆடாது, உங்க மாமா அலுங்காமப் படுத்துக்கிட்டு வரலாம். ஆனா எடை தெரியாம நான் டயரு தர மாட்டேன். போற அன்னிக்கு வண்டியில யாரெல்லாம், என்னவெல்லாம் இருக்குமோ, அத்தனையோடவும் எடை மேடையில ஏத்தி எடை போட்டுட்டு வாங்க."

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை எடை மேடையில் ஏறிய கேரவனுக்குள் பட்டு வேட்டியில் மாப்பிள்ளைகள் இருந்தார்கள். கட்டிலில் மாலை போட்ட செங்கோடன் படுத்திருந்தார். கூறைச் சேலையில், வாயை இறுக மூடிக்கொண்டு பாவாயம்மாள் இருந்தார். சீர்த்தட்டு, மணை, வாழைத்தார், குத்துவிளக்கு, வழியில் சாப்பிட வேண்டிய புளிச்சோறு எல்லாம் இருந்தன. எடை போடுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் இங்கதானுங்களா?" என்று கேட்டார்.

"மூச்ச உள்ள இழுத்துக்கறதுங்களா, வெளிய விடறதுங்களா?" என்றார் அத்தியப்பன்.

"உங்க இஷ்டங்க."

சீட்டு வந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்து யோசித்தார். "சகல, புளிச்சோறு இப்பப் பாத்திரத்துல இருக்குது. அங்க போய்ச் சேர்றப்ப வயித்துக்குள்ள இருக்கும். எடை மாறுமில்ல?"

எனவே எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள். பின்னால் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி ஆரன் அடித்தன. மறுபடி எடை போட்டார்கள், அதே எடை வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று நாச்சிமுத்து முடிவு செய்தார்.

"இன்னொண்ணு சகல. போறப்ப புதுத் தாலி பொட்டியில. வர்றப்ப அத்தை கழுத்துல," என்றார் அத்தியப்பன்.

பாவாயம்மாள் தாலியைக் கழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்க, மூன்றாவது தடவை எடை போட்டார்கள். எண் மாறவில்லை.

"மிஷினுக்குத் தாலியோட அருமை தெரியல," என்று சென்னிமலை வருத்தப்பட்டார்.

"ஏனுங்க மாப்ள, அன்னிக்காச்சும் நான் உக்காந்து தாலி வாங்கிருவனுங்களா?" என்று பாவாயம்மாள் கேட்டார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"அத்தை, அதுக்குத்தானுங்க இந்தப் பாடெல்லாம்," என்றார் நாச்சிமுத்து.

வசந்தாமணி புது ரிம்மும் புது டயரும் போட்டுக்கொடுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, வண்டியின் முதுகில் ஸ்டெப்னி ஒன்று. கருகருவென்று கேரவன் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் மூன்று விஷயம் சொன்னார்.

"காத்து அடிக்கறதா இருந்தா டயரு குளுந்து இருக்கறப்பத்தான் அடிக்கோணும். அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் நட்டையெல்லாம் ஒருக்கா மறுபடி இறுக்கிருங்க. அப்பறம் இது முக்கியம்ணா: கொண்டுபோய் நிறுத்திப் போட்டுராதீங்க. பழைய டயரு கதியேதான் ஆகும். ஓட்டிக்கிட்டே இருக்கோணும்."

"ஓட்டிக்கிட்டே இருக்கோணும்," என்று மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே செங்கோடனின் மேட்டுக்காடு தரிசாகக் கிடந்தது. அதில் கேரவன் சுற்ற ஆரம்பித்தது. சென்னிமலை களைத்தால் நாச்சிமுத்து ஓட்டுவார். நாச்சிமுத்து களைத்தால் அத்தியப்பன் ஓட்டுவார். ஆள் மாறும்போதும் வண்டி நிற்காது. ஒருவர் வலது கதவால் இறங்க இன்னொருவர் இடது கதவால் ஏறுவார். நடுவில் கொஞ்ச தூரம் வண்டி தானாகவே போகும். டீசலைக் கேனில் கொண்டுவந்து கூடவே ஓடி ஊற்றினார்கள். பாதி வண்டிக்குள் போயிற்று.

ஊர்க்காரர்கள் முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் கொள்ளுக்கொடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வண்டி சுற்றும் தடத்தில் பரப்பிவிட்டார்கள். வழக்கமாகத் தார்ரோட்டில் போட்டு, சக்கரம் ஏறிக் கொள்ளு உதிர, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் காத்திருக்க வேண்டும். இங்கே வண்டி வேறெங்கும் போகாமல் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வருஷம் கொள்ளு அவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை என்று என் பெரியம்மா பெண்ணும் சொன்னாள்.

நட்டு இறுக்கும் விஷயம் ஞாபகம் வந்தபோது ஐம்பது கிலோமீட்டர் என்றைக்கோ தாண்டிவிட்டிருந்தது. அத்தியப்பன் ஸ்பேனரோடு கூடவே ஓடி, சுற்றுகிற சக்கரத்தின் நட்டில் அதை மாட்டினார். மாட்டியது நன்றாகத்தான் மாட்டியது. அவரையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்ளுப் போரில் போட்டது.

"இறுகிருச்சுங்களா சகல?" என்று உள்ளேயிருந்து கேட்டார் நாச்சிமுத்து.

"ஒண்ணு இறுகிருச்சுங்க. மிச்சத்துக்கு வேற ஆளைப் பாருங்க," என்று போருக்குள்ளிருந்து பதில் வந்தது.

காற்று விஷயம் அதைவிடச் சிரமம். டயர் குளிர்ந்திருந்தால்தான் காற்று அடிக்கலாம். ஓடுகிற டயர் சுடும், நிறுத்தினால் கெட்டுவிடும். ஒருவர் ஓட்ட, இருவர் கூடவே நடக்க, மூவரும் ஆலோசித்தார்கள். கடைசியில் இரண்டு குடம் நீர்மோரைக் கொண்டுவந்து, ஓட ஓட டயர்களின் மேல் ஊற்றினார்கள். டயர் குளிர்ந்ததா தெரியாது. ஊர் நாய்களெல்லாம் வண்டியின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தன.

மூத்த பெண் தெய்வானைக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அந்தக் கடைக்காரம்மாகிட்டயே ஒரு வார்த்தை போய்க் கேட்டுட்டு வாங்களேன்!" என்றாள்.

போனார்கள். கடைக்கு முன்னால் நிற்க முடியாதல்லவா? சுற்றிச் சுற்றி வந்து, ஒரு சுற்றுக்குப் பாதிக் கேள்வியாகக் கேட்டார்கள். மூன்றாவது சுற்றில்தான் வசந்தாமணிக்கு விஷயம் புரிந்தது.

"அட நிறுத்துங்கய்யா வண்டிய! வருசக் கணக்குல நின்னாத்தான் கெடும்! ஒரு நாளு ரெண்டு நாளு நின்னா ஒண்ணும் ஆகாது! நிறுத்துங்க!"

வண்டி ஊரைப் பார்க்கத் திரும்பியது. நாச்சிமுத்து வழியெல்லாம் யோசித்தார்.

"சகல, அன்னிக்கு நெதானமா இருந்து ஓட்டுங்கன்னாங்க. இன்னிக்குக் கோவத்துல நிறுத்துங்கன்னாங்க. கோவத்துல சொன்னதப் புடிச்சுக்கிட்டு நாம ஒரு காரியம் பண்ணுனா, நாளைக்கு அந்தம்மாளே வருத்தப்படும்."

அது நியாயமாகத்தான் பட்டது. வண்டி சுற்றியது.

கல்யாண நாள் வந்தது. பெண்கள் மூவரும் முதல் நாளே பஸ் ஏறித் திருக்கடையூர் போய்விட்டார்கள். விடிய வெகுநேரம் இருக்கும்போதே, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த கேரவனுக்குள் செங்கோடனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடி, பின்கதவு வழியாகத் தள்ளினார்கள். அவருக்கு ஒரே பெருமை. "என்ற மாப்ளைங்க மாதிரி யாருக்கு வாய்க்கும்!" என்றார். பாவாயம்மாள் மணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தானே ஓடி ஏறினார்.

நிற்காமல் போனதால் சீக்கிரம் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் ஒரு ரயில்வே கேட் மட்டும் மூடியிருந்தது. சென்னிமலை ஒரு முழம் முன்னால் விட்டார், ஒரு முழம் பின்னால் எடுத்தார். கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரைக்கும் அப்படியே. பின்னால் இருந்த கார்க்காரரும் வேறு வழியில்லாமல் கூடவே முன்னும் பின்னும் போனார், அவருக்குப் பின்னால் இருந்த பஸ்ஸும் போயிற்று. கேட் திறந்தபோது அந்த வரிசை முழுக்கத் தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தது.

மண்டபத்துக்கு முன்னால் பெரிய காலி மைதானம். நடுவில் ஒரு வேப்பமரம். கேரவன் உள்ளே வந்து மரத்தைச் சுற்றத் தொடங்கியது. வாசலில் குருக்கள், நாதஸ்வரக்காரர்கள், போட்டோக்காரர், உறவு சனம், பெண்கள் மூவர். எல்லோருடைய தலையும் வண்டியோடு சேர்ந்து திரும்பியது.

"நாழியாறது! தம்பதிகளை இறங்கி வரச் சொல்லுங்கோ!" என்றார் குருக்கள்.

"எறங்கலாமுங்க, ஆனா மாமாவுக்கு இடுப்பு! ஓடற வண்டியில இருந்து எறங்க முடியாதுங்களே!" என்று நாச்சிமுத்து ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"வண்டியை நிறுத்தப்படாதோ?"

அடுத்த சுற்றில் பதில் வந்தது. "டயரு செத்துப்போயிருமுங்க சாமி!"

"நல்ல நாளும் அதுவுமா யார் செத்துப்போறா?" என்று குருக்கள் பதறினார்.

தெய்வானை தலையில் கைவைத்தாள். வண்டிக்குள் நாச்சிமுத்து, "சாமி கூடவே ஓடி வந்தா உள்ளயே தாலி கட்டிரலாம்" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாவாயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு டயர் ஓடாமல் கெடுத்தது, இன்றைக்கு ஆறு டயர் ஓடிக் கெடுக்கிறது. ஒரு நிமிஷம்தான் அழுதார். பிறகு கூறைச் சேலையை இடுப்பில் செருகினார். மணையையும் தாலிப் பெட்டியையும் கக்கத்தில் இடுக்கினார். கதவைத் திறந்து, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தார்.

நேராக வண்டித் தடத்தின் ஓரத்துக்குப் போனார். மணையைப் போட்டார். கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் உக்காந்துட்டேன்!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இனி எந்திரிக்க மாட்டேன். அவரு வர்றப்ப வந்து கட்டட்டும்!"

குருக்கள் சூரியனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பெட்டியிலிருந்த தாலியை எடுத்துக்கொண்டு கேரவனோடு கொஞ்ச தூரம் ஓடி, ஜன்னலில் நீட்டிய கையில் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

சென்னிமலை ஓட்டினார். செங்கோடன் கதவடியில் குப்புறப் படுத்து இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டார். ஒரு காலை நாச்சிமுத்துவும் மறு காலை அத்தியப்பனும் பிடித்துக்கொண்டார்கள். வண்டி மணையை ஒட்டி ஊர்ந்து வந்தபோது அவர் பாவாயம்மாளின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. அதற்குள் வண்டி அவரைக் கொண்டுபோய்விட்டது.

"மிச்சம் ரெண்டு முடிச்சு!" என்று கத்திக்கொண்டே போனார்.

வண்டி மரத்தைச் சுற்றி வர நேரமாகும் அல்லவா? அதுவரை பாவாயம்மாள் மணையில் உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரத்தைக் கேட்டார். மகள்களைப் பார்த்துச் சிரித்தார். வந்தவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முடிச்சு வந்தது, போயிற்று. மறுபடி கெட்டிமேளம். மூன்றாவது சுற்றுக்குள் பந்தியில் இலையே போட்டுவிட்டார்கள். இவ்வளவு ஆற அமர எந்தப் பெண்ணும் தாலி வாங்கியதில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது அவர் வாய்விட்டே அழுதார். சந்தோஷத்தில்தான். எனக்கு இதைச் சொன்ன பெரியம்மா பெண்ணும் அந்த இடத்தில் அழுதாள்.

அடுத்த சுற்றில் டீசல் தீர்ந்தது. கேரவன் இரண்டு தரம் குலுங்கி, வேப்பமர நிழலில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளைகள் பதறிக் குதித்துத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. டயர்களைத் தொட்டுப் பார்த்தார்கள். நாச்சிமுத்து மெல்ல நிமிர்ந்து, "ஆறும் போச்சு சகல," என்றார்.

மூவரும் பந்தியில் உட்காரவில்லை. துக்கத்தில் சாப்பாடு இறங்குமா? அத்தியப்பன்தான் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு வந்தவர், பின்பக்கத்தில் நின்று அலறினார்.

"சகல! ஸ்டெப்னி!"

ஸ்டெப்னி வண்டியின் முதுகில் மாட்டியபடி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

"இன்னும் உசிரு இருக்குதுங்களா?" என்று சென்னிமலை கேட்டார்.

நாச்சிமுத்து அதை அழுத்திப் பார்த்தார். "இருக்குது. ஆறைத்தான் பறிகொடுத்துட்டோம். இது ஒண்ணையாச்சும் காப்பாத்தோணும்."

யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சங்ககிரி இருக்கும் திசையைக் கேட்டுக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் உருட்டிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள்.

தெய்வானை மறுநாள் மதியத்துக்கு மேல் உள்ளூர் டிரைவர் ஒருவரைப் பிடித்து, டீசல் ஊற்றி, கேரவனைக் கிளப்பினாள். செத்துப்போன ஆறு டயரும் ஜம்மென்று ஓடின. செங்கோடன் கட்டிலில் படுத்திருந்தார். பாவாயம்மாள் பல்பு வைத்த கண்ணாடியில் புதுத் தாலியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கும்பகோணம் தாண்டி ரோட்டோரமாக மூன்று பேர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். "ஏறிக்குங்க மாப்ள!" என்று பாவாயம்மாள் கைகாட்டினார். அவர்கள் கும்பிட்டுவிட்டு உருட்டிக்கொண்டே போனார்கள்.

இன்னும் இரண்டு மைல் போவதற்குள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. முன் டயரில் ஆணி. டிரைவர் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, பின்னால் போய்ப் பார்த்தார். ஸ்டெப்னி மாட்டும் இடம் காலியாக இருந்தது.

பாவாயம்மாள் ரோட்டில் இறங்கினார். பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும், டயரையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆனால் இந்தத் தடவை அவர் நிற்கவில்லை. மணையை எடுத்துவரச் சொல்லி, புளியமரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஸ்டெப்னிதான் பின்னாலயே வருதே," என்றார். "வரட்டும்."

வெயில் சாயும் நேரத்தில் வந்தது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், நேராக உருண்டு வந்தது. பின்னாலேயே மூன்று மாப்பிள்ளைகளும் புழுதி படிந்த பட்டு வேட்டியோடு ஓடி வந்தார்கள். டிரைவர் ஸ்பேனரோடு எழுந்து நின்றார். பாவாயம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மாப்ள, வாங்க! நல்ல நேரத்துக்கு வந்தீங்க! வண்டி டயரு போயிருச்சு!"

"நேத்தே போயிருச்சுங்க அத்தை!" என்றார் நாச்சிமுத்து. "வழி விடுங்க, வழி விடுங்க!"

டயர் அவரைத் தாண்டிப் போயிற்று. கேரவனையும் தாண்டிப் போயிற்று. மூன்று பேரும் அதன் பின்னாலேயே ஓடினார்கள். வளைவில் திரும்பும்போது நாச்சிமுத்து மட்டும் தலையைத் திருப்பிக் கத்தினார்:

"ஊருக்கு வந்து வாங்கி மாட்டிக்குங்க அத்தை! இங்க நின்னா கெட்டுப்போயிரும்!"